வகுப்பறை பூட்டியிருந்த காலத்தில் உயர்நிலைப் பள்ளி

கொரோனா பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் பள்ளிகள் 2020 மார்ச் 17 அன்று மூடப்பட்டபோது விடுமுறைக்குச் சொல்லப்பட்ட கெடு மார்ச் 31 வரைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வு 27-ஆம் தேதி தொடங்க வேண்டும். இரண்டு வாரம் என்று ஆரம்பித்த அந்த விடுமுறை பத்து மாதமாக நீண்டது. 10, 12-ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11-ஆம் வகுப்புகளுக்கு பிப்ரவரி 8 அன்றும் பள்ளி திறந்தது. மார்ச் 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகள் மறுபடியும் நின்றன. இரண்டாம் அலை ஓய்ந்து, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு மீண்டும் மணியடித்தது 2021 செப்டம்பர் 1 அன்று.

மூடப்பட்டபோது எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தால் இந்தத் தேதிகளின் பொருள் விளங்கும். ஒன்பதாம் வகுப்பு முழுவதிலும் அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தது ஆறே வாரம். பத்தாம் வகுப்பின் முதல் மாதங்களும் வீட்டிலேயே போயின. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையால் இன்னொரு இடைவெளி. அந்த மே மாதம் பொதுத்தேர்வு. கிராமப்புறங்களில் நிறையப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை ஊரில் உள்ள நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள். 2020-ல் அந்தச் சேர்க்கை ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கியது. புதிய பள்ளி, புதிய ஆசிரியர்கள், புதிய சக மாணவர்கள் எல்லாரும் அவர்களுக்குக் கைப்பேசி எண்களாகவே அறிமுகமானார்கள். வகுப்பாசிரியருக்கும் அப்படித்தான். முகம் பாராத நாற்பது பிள்ளைகளுக்கு அவர் பொறுப்பு.

ஆரம்பப் பள்ளியில் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடமும் எடுப்பார். வீட்டோடு பேச ஒருவர் போதும். உயர்நிலை வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பேர் வருகிறார்கள். ஐவரும் ஒரே கைப்பேசிக்குப் பாடம் அனுப்பினால் அந்தப் பேசி தாங்காது, பிள்ளையும் தாங்காது. போதாக்குறைக்கு ஆண்டு முடிவில் பொதுத்தேர்வு காத்திருக்கிறது. எனவே நீண்ட மூடலில் உயர்நிலைப் பள்ளிக்கு வரும் முதல் வேலை பாடம் நடத்துவது அல்ல. யாரை, எந்த வழியில், எந்த நேரத்தில் எட்ட முடியும் என்று கண்டறிவதே முதல் வேலை.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் இருக்கிறது. பெற்றோரின் கைப்பேசி எண்ணும் அதில் உண்டு. பள்ளி மூடியபின் வகுப்பாசிரியர்கள் அந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தபோது பல எண்கள் உபயோகத்தில் இல்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம், சலுகைக்காக மாற்றிய எண், சேர்க்கையன்று அவசரத்துக்குக் கொடுத்த சித்தப்பாவின் எண் என்று காரணங்கள் பல. எண் கிடைத்தாலும் அது பட்டன் போனா, ஆண்ட்ராய்டு போனா என்று கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், அது பகலில் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போகும் தகப்பனின் சட்டைப் பையில் இருக்கும் போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அண்ணன் பிளஸ் டூ, தங்கை ஒன்பதாம் வகுப்பு என்றால் முதல் உரிமை அண்ணனுக்கு.

இந்தியக் கிராமப்புறங்களில் 2020 செப்டம்பரில் எடுக்கப்பட்ட ஏசர் ஆய்வு, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளில் 61.8 சதவீதத்தில் குறைந்தது ஒரு ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. 2018-ல் அது 36.5 சதவீதம். இரண்டே ஆண்டில் இவ்வளவு வளர்ச்சி என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கு வீட்டில் போன் இருக்கிறதா என்பதைத்தான் சொல்கிறது. பாடம் நடக்கும் நேரத்தில் அது பிள்ளையின் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வகுப்பாசிரியரிடம் மட்டுமே இருந்தது.

எல்லாரையும் எட்டும் வழி என்று அரசு முதலில் நம்பியது தொலைக்காட்சியை. கல்வித் தொலைக்காட்சி இதற்கென்று பிறந்ததல்ல. 2019 ஆகஸ்டிலேயே சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் எட்டாவது மாடியில் தொடங்கப்பட்டுவிட்டது. அரசு கேபிளில் 200-ஆம் எண் அலைவரிசை. 2020 ஜூலை நடுவிலிருந்து வகுப்புவாரியாக அட்டவணை போட்டு அதில் பாடங்கள் ஒளிபரப்பாயின. அட்டவணையை வாட்ஸ்அப்பிலும், பள்ளி அறிவிப்புப் பலகையிலும், ஊர் டீக்கடைச் சுவரிலும் ஒட்டிச் சேர்ப்பது ஆசிரியர்களின் வேலையானது. பக்கத்திலிருக்கும் கேரளம் இதற்கு முன்பே, ஜூன் 1 அன்றே, கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. வீட்டில் டிவி இல்லாதவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடும் செய்திருந்தது. இந்த இரண்டாவது ஏற்பாடுதான் உண்மையில் முக்கியமானது. தமிழ்நாட்டில் அதைச் செய்ய ஊர்தோறும் நூலகமும் சமுதாயக் கூடமும் இருந்தும் மாநில அளவில் அப்படி ஒரு திட்டம் உருவாகவில்லை. ஆங்காங்கே ஆசிரியர்களும் இளைஞர்களும் தாமாகச் செய்ததோடு சரி.

ஒலிபரப்பு வழியே பள்ளி நடத்துவது புதிய யோசனையும் அல்ல. 1937 செப்டம்பரில் போலியோ பரவியதால் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பள்ளிகள் திறக்கவில்லை. அந்நகரின் ஆறு வானொலி நிலையங்கள் கால் மணி நேரப் பாடங்களை ஒலிபரப்பின. செய்தித்தாள்கள் அன்றன்றைய அட்டவணையை அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண்ணும் இருந்தது. அங்கே எழுந்த குறைகள்தான் எண்பத்து மூன்று ஆண்டு கழித்து இங்கேயும் எழுந்தன. சிலருக்கு அலைவரிசை எடுக்கவில்லை. சிலருக்குப் பாடம் வேகமாக ஓடியது. கேள்வி கேட்க நினைத்தபோது அடுத்த பாடம் வந்துவிட்டது.

உயர்நிலை வகுப்புகளுக்குத் தொலைக்காட்சி எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்பது பாடத்துக்குப் பாடம் மாறியது. இரண்டாம் உலகப்போரையோ தாவரங்களின் உடற்செயலியலையோ படத்தோடு அரை மணி நேரம் பார்ப்பதில் பயன் உண்டு. கணக்கு அப்படியல்ல. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வடிவியல் செய்முறைக்கு எட்டு மதிப்பெண், வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண். சராசரியாகப் படிக்கும் பிள்ளையைத் தேர்ச்சிக் கோட்டைத் தாண்ட வைப்பவை இந்தப் பதினாறுதான் என்று எந்தக் கணக்காசிரியரும் சொல்வார். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரு தொடுகோடுகள் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மையத்தையும் புள்ளியையும் இணைத்து, அதற்கு மையக்குத்துக்கோடு போட்டு, நடுப்புள்ளியிலிருந்து இன்னொரு வட்டம் வரைந்து, இரு வட்டங்களும் வெட்டும் இடங்களுக்குக் கோடிழுக்க வேண்டும். வகுப்பறையில் ஆசிரியர் பெஞ்சுகளுக்கிடையில் நடந்தபடியே, காம்பஸ் முள் நகர்கிறதா, பென்சில் மொட்டையாக இருக்கிறதா என்று பார்த்துக் கையைப் பிடித்துத் திருத்திவிடுவார். வாட்ஸ்அப்பில் வருவதோ முடிந்த படத்தின் புகைப்படம். வில்கள் முறையாக வெட்டப்பட்டனவா, விடையைப் பார்த்துக் கண்மதிப்பில் வரைந்துவிட்டு வில் போட்டதா என்று மங்கலான அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. இதைச் சமாளிக்கச் சில ஆசிரியர்கள் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் படம் கேட்டார்கள். நான்கு படிக்கு நான்கு புகைப்படம் என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு நூற்றறுபது. அவற்றைத் திறந்து பார்த்து, குரல் பதிவில் திருத்தம் சொல்லி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். தொலைவில் இருந்து கற்பிப்பதன் உண்மையான சுமை திருத்துவதில்தான் இருந்தது. பாடம் நடத்துவது அதில் எளிய பாதி.

தனியார் பள்ளிகள் வேறு வழியில் போயின. ஜூம், கூகுள் மீட் செயலிகளில் வழக்கமான கால அட்டவணையையே நேரலையாக நடத்தத் தொடங்கின. காலை ஒன்பது முதல் பிற்பகல்வரை பிள்ளைகள் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பதாகப் புகார்கள் எழுந்தன. மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் நான்குக்கு மேல் கூடாது என்றது. நேரலை வகுப்பு பார்க்க வகுப்பறை போலத் தெரிந்தாலும், கேமராவை அணைத்துவிட்ட பிள்ளை கேட்கிறதா தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது. கட்டணப் பிரச்சினை நீதிமன்றம்வரை போனது. சென்னை உயர் நீதிமன்றம் 75 சதவீதக் கட்டணத்தைத் தவணையாக வாங்க அனுமதித்தது: 40 சதவீதம் உடனே, 35 சதவீதம் பள்ளி திறந்தபின். இன்னொரு ஆபத்தும் வெளியே வந்தது. இணைய வகுப்பில் ஆசிரியர் ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டதாக 2021 மே மாதம் சென்னையில் மாணவிகள் புகார் சொன்னபின், வகுப்புகளைப் பதிவுசெய்து வைப்பது உள்ளிட்ட நெறிமுறைகளை அரசு கொண்டுவந்தது. இது மூடலின் முதல் மாதத்திலேயே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

டேட்டா செலவு ஏழை வீடுகளைக் கடித்தது. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டையை மாநில அரசு அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்கு உதவியது பழைய திட்டம் ஒன்று. 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுத்து வந்தது. மடிக்கணினி வைத்திருந்த பிளஸ் டூ மாணவர்கள் 2020 ஜூலையில் நேரம் பிரித்துப் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டார்கள். பள்ளியிலுள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து பாட வீடியோக்கள் அவர்களின் மடிக்கணினியில் பதிவேற்றிக் கொடுக்கப்பட்டன. இணையம் வேண்டாம், டேட்டா வேண்டாம். பிடித்த இடத்தில் நிறுத்தி, புரியாத இடத்தைத் திரும்பப் பார்க்கலாம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்தில் ஏறிய படங்கள் அந்த ஆண்டு செய்தித்தாள்களில் வந்தன. அப்படிப்பட்ட மலைக் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்க முடியாது. பத்தாம் வகுப்புக்கு மடிக்கணினி இல்லை என்பதால் இந்த வழி அவர்களுக்கு அடைபட்டது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா தளத்தில் பாட வீடியோ விரியும். அதற்கும் போனும் சிக்னலும் வேண்டும்.

போனே இல்லாத வீடுகளுக்குக் காகிதம்தான் மிஞ்சியது. அதுவே நம்பகமான வழியாகவும் இருந்தது. பாடநூல் வாங்கப் பள்ளிக்கு வந்த நாள்களையும், உலர் உணவுப் பொருள் வாங்கத் தம்பி தங்கையோடு வந்த நாள்களையும் ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றைக்கு ஒப்படைப்புத் தாள்களைக் கையில் கொடுத்து, அடுத்த முறை வரும்போது எழுதி எடுத்து வரச் சொன்னார்கள். வராதவர்களைத் தேடி இருசக்கர வாகனத்தில் போனவர்கள் உண்டு. கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் ஐந்தாறு பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்காரவைத்துப் பாடம் சொன்னவர்கள் உண்டு. இதற்குத் தனி உத்தரவோ படியோ இருக்கவில்லை. இப்படிப் போய்வந்தவர்களுக்குத்தான் யார் வீட்டில் வருமானம் நின்றது, எந்தப் பையன் ஒர்க்‌ஷாப்புக்குப் போகத் தொடங்கினான், எந்தப் பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை படிப்பை விடுவது சத்தமில்லாமல் நடக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓர் எண் பேசாமல் போவது மட்டும்தான் வெளியே தெரியும் அடையாளம்.

செய்முறைப் பாடங்களுக்கு ஈடு செய்யும் வழி எதுவும் கிடைக்கவில்லை. பிளஸ் டூ வேதியியலில் பருமனறி பகுப்பாய்வை வீடியோவில் பார்க்கலாம். பியூரெட்டிலிருந்து விழும் எந்தச் சொட்டில் நிறம் மாறுகிறது என்பதைக் கை பழகாமல் கற்க முடியாது. எனவே பள்ளி திறந்த அந்தச் சில வாரங்களை ஆய்வகத்துக்கு ஒதுக்கி, 2021 ஏப்ரலில் செய்முறைத் தேர்வுகளை முடித்தார்கள். பாடத்தின் அளவையும் குறைக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கி, 'முன்னுரிமைப் பாடத்திட்டம்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். நோக்கம் சரி, வந்த காலம் பிந்தியது. கல்வியாண்டின் பெரும்பகுதி முடிந்தபின் எதைப் படிக்க வேண்டாம் என்று தெரிவதால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? அந்தப் பகுதிகளுக்குச் செலவான மாதங்கள் திரும்பி வரவில்லை.

மதிப்பீடுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 1-க்கும், பிறகு ஜூன் 15-க்கும் தள்ளிவைத்த அரசு, 2020 ஜூன் 9 அன்று ரத்து செய்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதமும், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் கணக்கிடப்பட்டன. அரையாண்டில் காய்ச்சலாகப் படுத்திருந்தவர்களும், கடைசி மூன்று மாதத்தில் கடுமையாகப் படித்துத் தேறிவிடலாம் என்று நம்பியிருந்தவர்களும் இதில் இழந்தார்கள். பள்ளிகளின் மதிப்பெண் பதிவேடுகள், விடைத்தாள்கள், முன்னேற்ற அட்டைகள் எல்லாம் திடீரென்று பொதுத்தேர்வு ஆவணங்களாகின. பள்ளித் தேர்வுகளை ஒழுங்காக நடத்தி, பதிவேட்டை நேர்மையாகப் பேணிய பள்ளிகளுக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வும் 2021 ஜூன் 5 அன்று ரத்தானது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் தேர்வுக்கு 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று வகுக்கப்பட்டது. மூடிய காலத்துப் படிப்புக்கு அந்த மதிப்பெண்ணில் கிடைத்த இடம் இந்தக் கடைசி 30 சதவீதம்தான். வாட்ஸ்அப்பில் நடத்திய அலகுத் தேர்வுகளை யாரும் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, எடுக்கவும் கூடாது. வீட்டில் யார் சொல்லிக் கொடுத்து எழுதியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அத்தேர்வுகளின் பயன், பிள்ளைக்கு எது புரியவில்லை என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதோடு முடிகிறது. அந்த அளவில் அவை நல்ல கருவிதான்.

பள்ளி திறந்தபின் வந்த வேலை, மூடியிருந்தபோது செய்ததைவிடப் பெரியது. 2021 செப்டம்பரில் ஆசிரியர்கள் வகுப்புப் பாடத்தை உடனே தொடங்காமல், முந்தைய வகுப்புகளின் அடிப்படைகளைத் திரும்பச் சொல்லும் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகங்களை நடத்தினார்கள். பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் மறந்திருந்தது. இரண்டு பக்கம் தொடர்ந்து எழுதக் கை வரவில்லை. அந்த அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தது. மிக நல்ல திட்டம். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பது, பத்து படித்தவர்களின் இடைவெளியை அவரவர் பள்ளியே அடைக்க வேண்டியதாயிற்று.

நீண்ட மூடல் பெருந்தொற்றால் மட்டும் வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் பெருவெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பள்ளிகள் நாள்கணக்கில் திறக்கவில்லை. பாடநூல்களே நீரில் போன வீடுகள் இருந்தன. அத்தகைய நாளில் வகுப்பாசிரியர் கையில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: வீட்டில் எந்த வகைப் போன், அது எந்த நேரத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும், போன் இல்லையென்றால் சேதி சொல்ல யார் இருக்கிறார்கள், தாள் கொண்டுபோய்க் கொடுக்க எந்தத் தெரு. இந்தப் பட்டியலை எழுதப் பணம் வேண்டாம், செயலி வேண்டாம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர்கள் இதை எழுதி வாங்கிவிட வேண்டும். எண் மாறினால் பெற்றோரும் அன்றைக்கே பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும்.